வேதமுத்து வாத்தியாரின் பனிக்கடல்

வேதமுத்து வாத்தியார் காலமாகிவிட்டார் என்ற செய்தி வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. ஏழாம் வகுப்புக்குக் கரும்பலகையில் நைல் நதியை வரைந்துகொண்டிருந்தேன். நாலு நாள் காய்ச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது, கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு, நல்ல நீலச் சாயம் தூத்துக்குடிக்கு வந்திருக்கிறதா என்று விசாரித்தவர். அந்த மனிதர் அதற்குள் செத்துப்போனார் என்பதில் எனக்குத் துக்கத்தோடு கோபமும் இருக்கிறது. அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சித்திர வாத்தியாராக வருமுன் நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர் அவர். ஒருநாள் ஓர் ஆங்கிலப் படப் பத்திரிகையில், வடதுருவக் கடலில் பனிக்கட்டிக்குள் அகப்பட்ட கப்பலையும், அதைவிட்டு இறங்கிப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துப்போகும் மாலுமிகளையும் பார்த்தார். அதோடு காடும் அரண்மனையும் எழுதுவது அவருக்குப் புளித்துவிட்டது. "இதை நம்ம ஜனங்க பாக்கணும் வே. இப்படியும் ஒரு கடல் இருக்கு, அதுலயும் மனுசன் நடந்திருக்கான்னு தெரியண்டாமா?" என்றார். இத்தனைக்கும் அவர் கண்ட பனியெல்லாம் மார்கழி விடியலில் வயல்மேல் நிற்கிற பனிதான்.

பன்னிரண்டு முழச் சீலையில் அதை எழுதி முடித்தார். விடுமுறையில் ஸ்ரீவைகுண்டத்துக்கு எடுத்துப்போய், அணைக்கட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மருத மரங்களுக்கு நடுவே கட்டினோம். நான் பூகோள வாத்தியார். விளக்கம் சொல்வது என் வேலை. வாயைத் திறப்பதற்குள், நாற்று நட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து நின்ற பேச்சி என்ற பெண் முந்திக்கொண்டாள். "இது தூத்துக்குடி உப்பளம்லா! ரெண்டு வருசம் அங்கன உப்புச் சுமந்தவ நான், எனக்குத் தெரியாதா? செருப்புப் போட்டுக்கிட்டு உப்பு வாருதாவளே, இவுக எந்த ஊரு மவராசங்க?"

கூட்டம் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வாத்தியார் சீலையைச் சுருட்டினார். என்னைத் தொட விடாமல் தானே தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இந்த விஷயம் எங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி ஊர் ஊராகச் சீலை தூக்க வேண்டாம் என்றார் தலைமையாசிரியர். "இன்னும் ஒரே தடவை போயிட்டு வாரேன். அதுலயும் உப்பளம்னு சொன்னா, பிரஷ்ஷை ஆத்துல விட்டுருதேன்" என்று மன்றாடி வாத்தியார் அனுமதி வாங்கினார். எந்த ஊருக்கு என்று கேட்டேன். "சிரிச்ச ஊருக்குத்தான்" என்றார். வெட்டி வீறாப்பு என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

பனிக்கட்டியைப் பார்க்காமல் எழுதியதுதான் பிசகு என்று அவரே கண்டுகொண்டார். தூத்துக்குடிக்குப் போய், கொழும்புக் கப்பலின் சமையற்காரர் ஒருவரைக் கெஞ்சி, தேங்காய் அளவில் ஒரு கட்டி வாங்கி, உமியில் புதைத்துச் சாக்கில் சுற்றி ரயிலேறினார். வீட்டுக்கு வந்து பிரித்தபோது எலுமிச்சங்காய் அளவு மிஞ்சியிருந்தது. துறைமுகத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கலாமே என்று கேலி செய்தேன். "என் சீலைக்குப் பக்கத்துல வச்சுல்லா பாக்கணும்" என்றார். உள்ளங்கையில் அது கரைகிறவரை கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "இது வெள்ளையே இல்ல வே. பக்கத்துல என்ன இருக்கோ, அந்த நிறத்தை வாங்கிக்கிடுது. நான் சுண்ணாம்புல்லா அடிச்சு வச்சிருக்கேன்!" என்றார். மரத்துப்போன கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சீலையிலிருந்த வெள்ளையை அப்போதே சுரண்டத் தொடங்கினார்.

சீலையைத் திருத்தி எழுத எட்டு மாதம் ஆயிற்று. மாலுமிகளின் முகம் சரிவரவில்லை என்று மார்கழியில் தாமிரபரணியில் கழுத்தளவு நின்றுகொண்டு, "என் உதடு என்ன நிறத்துல இருக்கு? நல்லாப் பாத்துச் சொல்லும்!" என்று கரையிலிருந்த என்னை அதட்டியதும் அப்போதுதான்.

மறுபடியும் ஸ்ரீவைகுண்டம், உச்சி வெயில். பச்சையும் ஊதாவும் நீலமுமாக ஒரு கடல் எங்கள் முன்னால் உறைந்து கிடந்தது. யாரும் சிரிக்கவில்லை. பேச்சி முன்னால் வந்து வெகுநேரம் பார்த்தாள். இடுப்பிலிருந்த பிள்ளையின் வெற்று முதுகில் முந்தானையை இழுத்துப் போர்த்தினாள்.

"பாவம், இவுகல்லாம் வீடு போய்ச் சேந்தாவளா ஐயா?" என்று கேட்டாள்.

வாத்தியார், "கொஞ்சப் பேரு சேந்தாவ, தாயி" என்றார். அதன்பின் தலைமையாசிரியர் எங்களைத் தடுக்கவில்லை.

தென்துருவம் போய்த் திரும்பாதவர்களின் கதை பத்திரிகைகளில் வந்ததிலிருந்து, அவர் அடுத்த சீலையில் மூழ்கியிருந்தார். பனியும் வானமும் முடிந்துவிட்டன. மனிதர்களும் கூடாரமும் வெறும் கரிக்கோடுகளாக நிற்கின்றன. வேறு ஆளை வைத்து முடித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஒருவரும் அதில் கைவைக்க நான் விடப்போவதில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதை அப்படியே சீவலப்பேரிக்கு எடுத்துப்போய்க் கட்டப்போகிறேன். பாதிப் படத்தைப் பார்த்து யாராவது சிரிக்கலாம். சிரிக்கட்டும், அடுத்த வருஷமும் அதே ஊருக்குப் போவேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான். அன்று சிரித்ததற்கு அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இனி அந்தச் சீலையைத் தோளில் தூக்கித்தான் கேட்டாக வேண்டும்.