பெயரில்லாத பிள்ளைக்கு ஓர் அர்ச்சனை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாக முருகனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவள். அதைவிட, இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. அதனால்தான் கை வரவில்லை.

எங்கள் மகள் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது இங்கே போலாரம் ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். புருவத்தில் தொடங்கித் தாடை வரை தையல். உயிரை முருகன் காப்பாற்றிக் கொடுத்தான். ஆனால் கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவள் வாசல் தாண்டவில்லை. கல்லூரியும் இல்லை, கோயிலும் இல்லை. இரண்டு மாதம் ஓடிவிட்டது. பரீட்சை வேறு நெருங்கியது.

ஒரு ஞாயிறு மத்தியானம் லேப்டாப்பில் பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு டாக்டர், செத்தவர்களின் கை கால்களை ஒட்டித் தைத்து, இடி மின்னலில் உயிர் கொடுக்கிறான். அது எழுந்து நிற்கிறது. நெற்றியெல்லாம் தையல். செய்தவனே அதைப் பார்த்து ஓடுகிறான்!

“இதுக்குப் பேரு என்னடி?”

“பேரே கிடையாது மம்மி.”

“பெத்தவன் ஒரு பேர்கூட வைக்கலையா? வெளக்கமாத்தால அடிக்கணும் அவனை.”

“பெத்தவன் இல்ல, செஞ்சவன்.”

“என்ன வித்தியாசம்? கையால பிடிச்ச மஞ்சள் பிள்ளையாரையே நாம கும்பிட்டு, வடக்கே நகர்த்தி, மரியாதையாத்தானே அனுப்பறோம்?”

அவள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்: “கட்டுப் பிரிச்சப்போ நீயும்தான் திரும்பிக்கிட்ட.”

கத்தி அப்படியே நின்றுவிட்டது. உண்மைதான். நர்ஸ் கட்டை அவிழ்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அழுகை வந்ததால் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அழுகை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம்.

மறுநாள் கிருத்திகை. அர்ச்சனைக் கூடையை எடுத்தேன்.

“அந்தப் பிள்ளைக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வரேன்.”

“எந்தப் பிள்ளை?”

“நேத்து படத்துல வந்துச்சே.”

“பேய்க்கு அர்ச்சனையா! காலனி பூரா சிரிக்கும். நக்கோ, வேண்டாம் மம்மி, ப்ளீஸ்!”

“பேயில்ல. யாரும் மூஞ்சி பார்க்காத பிள்ளை” என்று செருப்பை மாட்டினேன்.

தெருமுனையில் பின்னால் சத்தம். முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள், என்னைத் தடுக்கத்தான். வழியெல்லாம் சண்டை. சண்டை முடிவதற்குள் கோயில் வந்துவிட்டது.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டார். “யார் பேருக்கும்மா?”

“பேர் இல்லை சாமி.”

“நட்சத்திரம்?”

“தெரியல. பொறந்தப்போ நல்ல இடி மின்னல்.”

“கோத்திரம்?”

“அது... நாலஞ்சு பேரோடது கலந்திருக்கும்.”

குருக்கள் தட்டோடு அப்படியே நின்றார். பின்னால் மகள் வெடித்துச் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் துப்பட்டா நழுவித் தோளில் விழுந்தது. எடுத்து மூடப் போனவள் நான் பார்ப்பதைப் பார்த்தாள். நான் திரும்பிக்கொள்ளவில்லை. புருவத்திலிருந்து தாடை வரை நிதானமாகப் பார்த்தேன்.

“என்ன மம்மி?”

“தையல் நேராத்தான் போட்டிருக்காரு டாக்டர்.”

“இப்பத்தான் தெரியுதா?” என்றாள். துப்பட்டாவை எடுக்கவில்லை.

“சாமி பேருக்கே பண்ணிடறேன்” என்று குருக்கள் உள்ளே போனார்.

புதன்கிழமை கல்லூரிக்குப் போனாள்.

சொந்தக்காரர்கள் இதை நான் பேய்க்கு அர்ச்சனை செய்த கதையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மகளோ, நான் முகம் திருப்பியதை மட்டும் விட்டுவிட்டுச் சொல்கிறாள். நீங்கள் யாருக்காவது சொன்னால் அதையும் சேர்த்து, ஒன்றும் குறைக்காமல் சொல்லுங்கள். இன்றைக்கும் எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிப்பார்கள். பக்கத்தில் ஒரு அம்மா நின்றுகொண்டிருப்பாள்.