குவைத் கண்ணாடியும் மெட்ராஸ் ஐயும்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஆட்களை அமுக்கி ஏற்றும் வண்டியில் என்னைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. "மெட்ராஸ் ஐயாப்பா?" என்றார் முந்தானைக்குள்ளிருந்து. "இல்லம்மா, கண்ணு காஞ்சி போச்சு" என்றேன். "காஞ்ச கண்ணுல ஏன் இப்படித் தண்ணி ஊத்துது?" அதற்குள் டிரைவர் தன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டார். "கோச்சிக்காதீங்கண்ணா. கண்ணாடில உங்க கண்ணப் பாத்தாகூட ஒட்டிக்கும்னு சொல்றாங்க." பின்னால் என்ன வருகிறது என்று பார்க்காமலே பஸ்களுக்கு நடுவில் ஓட்டினார். லாரி இடித்துச் செத்தாலும் பரவாயில்லை, மெட்ராஸ் ஐ வந்துவிடக்கூடாது.

நான் குவைத்தில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன். ஊரில் இருப்பவர்களுக்கும் என்னைப் போல அரபு வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அழகாக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன். இந்த முறை நான் லீவில் வந்தது ஒரே ஒரு காரியத்துக்கு. அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை செல்வியின் மகனுக்கு மொட்டை அடித்துக் காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். அவள் கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. தாலி கட்டியதைச் சந்தில் வண்டியை நிறுத்திவிட்டு போனில் பார்த்தேன். பிள்ளை பிறந்ததையும் போனில்தான் பார்த்தேன். இந்த ஒன்றையாவது நேரில் பார்த்துவிட வேண்டும், அவனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சூப்பர்வைசரிடம் மாதக்கணக்கில் கெஞ்சி வந்தேன்.

கண் கதையைச் சொல்கிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தடித்த பவர் கண்ணாடி. அது இல்லாமல் எதிரில் வருவது ஆளா மாடா என்று தெரியாது. குவைத்தில் வெளியே அனல்காற்று, உள்ளே ஏசி, நடுவில் தூசிக்காற்று. ஹெல்மெட் முகப்பை முழுக்க இறக்கினாலும் தாடைக்குக் கீழிருந்து காற்று ஏறி நேராகக் கண்ணில் அடிக்கும். கண்ணில் மணல் தேய்ப்பது போல ஆரம்பித்தது. பிறகு எரிச்சல், சிவப்பு, கடைசியில் குடம் உடைந்த மாதிரி தண்ணீர். கண் காய்ந்தால் எரியும், எரிந்தால் தண்ணீர் கொட்டும், கொட்டுகிற தண்ணீர் கண்ணில் நிற்காது. இதை நான் எத்தனை பேருக்கு எத்தனை பாஷையில் சொல்லியிருப்பேன். ஒருவருக்கும் புரிந்ததில்லை.

சூப்பர்வைசர் எகிப்துக்காரர். அவரிடம் சொன்னபோது ஸ்டோரிலிருந்து எல்லாருக்கும் கொடுக்கிற பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டினார். என் பவர் கண்ணாடிக்கு மேல் அது உட்காரவில்லை. பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போட்டால் ரோடு தெரியவில்லை. இதைச் செய்தே காட்டினேன். அவர் என் தோளைத் தட்டி, "மை ஃப்ரெண்ட், யூ வான்ட் சேஃப்டி ஆர் யூ வான்ட் ஃபேஷன்?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உலகத்தில் கண்ணைக் காக்கச் செய்கிற சாமான் எல்லாவற்றையும் நல்ல கண் இருப்பவனை நினைத்தே செய்கிறார்கள். கண் கெட்டவனுக்கும் கண்ணைக் காக்க வேண்டியிருக்கும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை.

கண்ணாடிக்கு மேல் போடும் பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி வாங்கினேன். ஹெல்மெட்டுக்குள் இரண்டு ஜோடிக் கம்பிகளும் நெற்றிப்பொட்டை நசுக்கின. சிக்னலில் நின்றால் உள்ளே ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. எதிரே வரும் ஒவ்வொரு விளக்கும் இரண்டாகத் தெரிந்தது. பைக் ஓட்டுகிறவர்கள் போடும் வளைந்த கண்ணாடியில் என் பவரைப் போட்டுத் தரச் சொன்னேன். போட்டுப் பார்த்தபோது ரோடே வளைந்தது. கடைசியில் மலையாளி ஒருவருடைய கடையில், முன்பக்கம் தட்டையாக, பின்பக்கம் முகத்தோடு ஒட்டுகிற ரப்பர் விளிம்போடு ஒரு ஃபிரேம் கிடைத்தது. பவர் போடலாம், விளிம்பைக் கழற்றிக் கழுவலாம், ஆவி போக ஓரத்தில் சின்ன ஓட்டைகள் உண்டு. வெயிலில் தானாகக் கறுத்து நிழலில் வெளுக்கும் லென்ஸ் போட்டுக்கொடுத்தார். அதைப் போட்ட பிறகுதான் என்னால் வண்டி ஓட்ட முடிந்தது. உங்களில் யாருக்காவது இந்தத் தொல்லை இருந்தால் சொல்லிவைக்கிறேன்: மேலே போடும் கண்ணாடியில் காசைக் கரைக்காதீர்கள். பவரையும் விளிம்பையும் ஒரே ஃபிரேமில் கேளுங்கள், வாங்கும் முன் ஹெல்மெட்டோடு போட்டுப் பாருங்கள்.

ஊருக்கு வந்ததும் அந்தக் கண்ணாடியே எனக்கு எதிரியாகிவிட்டது. வெயிலில் கறுத்து நின்றால் மெட்ராஸ் ஐக்காரன். நிழலுக்கு வந்தால் லென்ஸ் வெளுத்து, உள்ளே சிவந்த கண் தெரியும். அப்போதும் மெட்ராஸ் ஐக்காரன். அன்று ஆட்டோவை விட்டு இறங்கிச் செல்வி வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். கதவுக்குப் பின்னாலிருந்துதான் பேசினார்.

"தப்பா நெனச்சுக்காத தம்பி. போன மாசந்தான் கொயந்தைக்கு வந்து ரெண்டு கண்ணும் பசை மாதிரி ஒட்டிக்கிச்சு. ராவெல்லாம் கத்துனான்."

"அத்த, இது அது இல்ல. ஒட்டாது. டாக்டரே சொல்லிட்டாரு."

"எந்த டாக்டரு? அங்கயா?"

"அங்கயும் காட்டினேன், இங்கயும் காட்டினேன்."

"ரெண்டு டாக்டர் பாத்தும் ஏன் இன்னும் போகல?"

செல்வி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "எங்கண்ணன் மடியிலதான் குத்துவாங்க. இல்லன்னா என் புள்ளைக்குக் காதே குத்த வேணாம்" என்றாள். அவள் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்தபடி, "மச்சான், பேசாம அந்தக் கண்ணாடிய மட்டும் கழட்டிட்டு வந்துருங்களேன். அதப் பாத்துத்தான் அம்மா பயப்படுது" என்றார். கழற்றினால் கண் இன்னும் சிவக்கும் மாப்ள என்றேன். "அப்ப கஷ்டந்தான்" என்று சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் டவுனில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கறுக்காத லென்ஸ், ரப்பர் விளிம்பு, என் பவர் மூன்றும் சேர்ந்து வேண்டும் என்றேன். கடைக்காரர் கண்புரை ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கொடுக்கும் கறுப்புக் கண்ணாடியை எடுத்துவைத்தார். இல்லை என்றதும் நீச்சலுக்குப் போடுவதை எடுத்தார். "பவரும் வேணும், மூடியும் இருக்கணும்னா மெட்ராஸ்லதான் சார். சொல்லி வெச்சா பத்து பதினஞ்சு நாள் ஆகும்" என்றார். அதற்குள் காது குத்தே முடிந்துவிடும். திரும்பும் வழியில் செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமத்துப் பக்கம், சைக்கிளில் போன ஒரு வெள்ளைக்காரர் கிட்டத்தட்ட என்னுடையது போலவே ஒரு கண்ணாடி போட்டிருந்தார். டீக்கடையில் இருந்த யாரும் முகத்தைத் திருப்பவில்லை. "குட்மார்னிங் சாமி" என்றார்கள். அதே கண்ணாடி என் முகத்தில் இருந்தால் வியாதி.

அப்போது குவைத்தில் ஒரு கிழவியம்மா செய்தது நினைவுக்கு வந்தது. இந்தக் கண்ணாடி கிடைப்பதற்கு முந்தைய கதை. பிரியாணி கொண்டுபோய்ப் பெல்லை அடித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கன்னம் வழியாகச் சட்டைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த அந்தம்மா "லேஷ்? லேஷ்?" என்றார். ஏன் என்று கேட்கிறார். காற்று என்று சொல்ல "ஹவா, ஹவா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. "மாமா மௌத்?" என்றார். அம்மா செத்துவிட்டாளா என்று அர்த்தம். என் அம்மா அந்நேரம் வேங்கிக்கால் வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். இல்லை என்று தலையாட்டினேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொடுத்து, நான் போகும்வரை வாசலிலேயே நின்று, கையை ஏந்தி எனக்காக வேண்டிக்கொண்டார். குவைத்தை நான் புகழவில்லை. அங்கே அபார்ட்மென்ட் லிஃப்டில் எங்களை ஏறவிடாத இடங்கள் உண்டு. தூசிக்காற்றில் ஒதுங்க நிழல் கேட்டால் துரத்துவார்கள். அந்தக் கிழவியம்மாவும் தப்பாகத்தான் புரிந்துகொண்டார். ஆனால் என் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் அவர் பக்கத்தில் வந்தார்.

காது குத்து அன்று அடி அண்ணாமலை அம்மன் கோயிலில் சாம்பிராணியும் கற்பூரமும் சேர்ந்து புகைந்தன. மொட்டை முடிந்து பையன் தலையெல்லாம் சந்தனம். வரிசைத்தட்டுகளோடு நானும் அம்மாவும் என் பெண்டாட்டி பிள்ளைகளும் நின்றோம். காது குத்துகிற ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டே, "தாய்மாமன் யாருங்க, வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டார். நான் உட்கார்ந்தேன். யாரும் குழந்தையைக் கொடுக்கவில்லை. மாமியார் என் சித்தப்பா மகன் குமாரைக் கை காட்டினார். "அவனும் மாமன் மொறைதானே?" செல்வி பிள்ளையை இறுக்கிக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சம்பந்தி வீடாயிற்றே, என் அம்மா தட்டில் இருந்த பழங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். "நேரம் ஆவுதுங்க" என்றார் ஆசாரி.

கடைசியில் மாமியாரே வழி சொன்னார். "ஒண்ணு பண்ணலாம். பார்வைதான ஒட்டும்? தம்பி கண்ணக் கட்டிக்கினு உக்காரட்டும். மொறையும் போவாது, கொயந்தைக்கும் ஒண்ணும் ஆவாது." கூட்டத்தில் இதைவிட நல்ல யோசனை இல்லை என்று தலையாட்டினார்கள். "மச்சானுக்குக் கண்ணாமூச்சி ஆட்டம்டா" என்று யாரோ பின்னால் சொல்ல, சிரித்தார்கள். எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கட்டுங்க" என்றேன். நான் வரிசைத்தட்டில் வைத்துக் கொண்டுபோன மஞ்சள் துண்டையே எடுத்தார்கள். கண்ணாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். குமார்தான் கட்டினான். "இறுக்கமா இருக்காண்ணா?" என்று கேட்டான். நல்ல பையன்.

பையனை மடியில் வைத்தார்கள். நான் நினைத்ததைவிடக் கனம். சந்தனமும் பாலும் கலந்த வாசனை. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினான். ஆசாரியின் கை என் தோளில் உரசியது, பையன் உடம்பு முழுக்க ஒரு தடவை விறைத்தது, அப்புறம் வீறிட்டான். மறுபடியும் விறைத்தான். அவன் முகம் எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை. ஒன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். துண்டுக்குள் கண் எரியவில்லை. காற்றுப் படாமல், வெளிச்சம் படாமல், இமை மூடி, ஈரமாக இருந்தது. லீவில் வந்ததிலிருந்து என் கண் நன்றாக இருந்த நேரம் அதுதான்.

அவிழ்த்தபோது பையனை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

மறுநாள் செல்வி வீடியோ அனுப்பினாள். காற்று கண்ணில் படக்கூடாது என்று நான் ஃபேன் இல்லாமல் தனியாகப் படுக்கிற மாடி அறையில், பெண்டாட்டி பிள்ளைகளின் ஃபேன் சத்தம் கீழேயிருந்து கேட்க, குவைத்துக் கட்டிலில் படுத்துப் பார்ப்பது போலவே பார்த்தேன். கம்பி இறங்குவது தெரிந்தது. பையனின் காதில் ஒரு சொட்டு ரத்தமும் தெரிந்தது. அழும்போது அவனுக்குக் கீழே இரண்டு பற்கள் இருப்பதை அந்த போனில்தான் பார்த்தேன். அவனைத் தாங்கியபடி மஞ்சள் துண்டு கட்டிய ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். "மாமா, இங்க பாருங்க மாமா, ஒரே ஒரு போட்டோ" என்று கேமராக்காரர் குரல் கேட்கிறது. அந்த ஆள் தலையைத் தூக்கி, கேமரா இல்லாத பக்கம் பார்த்துச் சிரிக்கிறான்.