அப்பா திறப்பைத் தந்த சனிக்கிழமை

அப்பா என்னிடம் கார்த் திறப்பைத் தந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். நான் கல்யாணம் கட்டாமல் நாற்பதைத் தாண்டியவள். கண்டியில் அவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, தெல்தோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கிறேன். சாரதிப் பத்திரம் கைப்பையில், நான் பஸ்ஸின் மிதிபலகையில். அப்பா ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். அவருடைய கார் இங்கிலாந்தில் செய்த பழைய கார். அம்மா உயிரோடு இருந்தபோது அவவைக்கூடச் செருப்பைத் தட்டிவிட்டு ஏறு என்பார். லண்டனில் இருக்கும் அண்ணா லீவில் வந்தால் மட்டும் திறப்பு கைமாறும்.

அந்தச் சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடத்தில் விசேட வகுப்பு இருந்தது. “இண்டைக்குப் பஸ்ஸில இடிபடாமல் காரைக் கொண்டு போ” என்றார் அப்பா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளே போய்ச் சேலையை அவிழ்த்து வேறு நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தேன்.

கலஹா ஏற்றத்தில், எஞ்சினின் அடியிலிருந்து அம்மிக் குழவி உருளுவது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு ஓர் அடி. ஒரு மாதிரி ஓரத்துக்கு எடுத்து நிறுத்திவிட்டேன். இறங்கிப் பார்த்தால் அந்தப் பக்கம் பள்ளம். மரக்கறி லொறிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, கயிறு கட்டிக் கட்டுகஸ்தோட்டை கராஜ் வரைக்கும் இழுத்து வந்து விட்டார்.

அப்பா ஓட்டோவில் வந்து இறங்கினார். கராஜில் நின்றவர்களுக்கு மட்டுமல்ல, பக்கத்துக் கடையில் றொட்டி வாங்க நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரித்தான் கத்தினார்.

“ஒரு நாள் குடுத்தன். ஒரே நாள்! உன்னை நம்பின என்னைச் செருப்பால அடிக்கவேணும். உடைச்சவள் நீ, நீயே நிண்டு செய்விச்சுக்கொண்டு வா.”

கராஜ்காரர் அப்பாவின் காரைப் பல வருடமாகப் பார்க்கிறவர். பெரிய இரக்ககுணமெல்லாம் கிடையாது. அப்பா போனதும் சிரித்துக்கொண்டே காரின் முன்பக்கத் துளையில் கைப்பிடியைச் செருகினார். அந்தக் காலத்துக் காரை அப்படிக் கையால் சுற்றியும் கிளப்பலாம். எஞ்சினின் பின்னால் இருக்கும் பெரிய சக்கரத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு மெதுவாகச் சுற்றினார். கைப்பிடி சுற்றியது, சக்கரம் அசையவில்லை. பிறகு ‘டொக்’ என்று ஓர் உதையோடு பின்னால் வந்தது.

“முன்னுக்குச் சுத்துது, பின்னுக்கு யோசிச்சிட்டு வருது. கிராங்க் முறிஞ்சிட்டு மிஸ்.”

பிஸ்டன்கள் மேலும் கீழும் துள்ளுவதை வாங்கிச் சுழற்சியாக்கும் கனத்த இரும்புத் தண்டுதான் கிராங்க். எஞ்சினை இறக்கி, அடித்தட்டைக் கழற்றியபோது அது இரண்டாகக் கையில் வந்தது. முறிந்த முகத்தை அவர் பெற்றோலால் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். முக்கால்வாசிக்கு மேல் கறுப்பு, வழுவழுப்பு, மரத்தின் வளையம் போல் கோடு கோடாக. ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று, இப்போதுதான் உடைத்த கற்கண்டு போல் மினுங்கியது.

“கறுப்பா ஈக்கிறது பழைய வெடிப்பு. உள்ளுக்கு எண்ணெய் போய்ப் போய்க் கறுத்தது. மினுங்குறது மட்டும்தான் மிஸ்ட கணக்கு” என்றார்.

பழைய வெடிப்பு எப்படி வந்ததென்று யாரும் சொல்லத் தேவையில்லை. நாட்டில் தட்டுப்பாடு வந்து எல்லாரும் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த வருடத்தில் அப்பா ஒரு வித்தை பழகியிருந்தார். எவ்வளவு ஏற்றம் என்றாலும் கியரைக் குறைக்காமல், எஞ்சின் முக்கி முக்கி ஏறட்டும் என்று விடுவார். மிச்சம் பிடித்த பெற்றோலைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். வரிசை ஒழிந்த பிறகும் வித்தை ஒழியவில்லை. அந்த முக்கலெல்லாம் கிராங்கைத்தான் முறுக்கியிருக்கிறது.

“சேர்க்கிட்ட நான் முந்தியே சொன்னேனே” என்றார் கராஜ்காரர், துணியில் கையைத் துடைத்தபடி. “அடியில சத்தம் ஈக்குது, ஏத்தத்துல கொண்டு போக வாணாம், எந்த நேரமும் முறியும் எண்டு. பொறகு ஏன் மிஸ்கிட்டக் குடுத்தார்?”

அப்பா கொஞ்சக் காலமாகக் காரை எடுக்காமல் உறை போட்டு மூடி வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முறிந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், அவர் சாப்பிடும் மேசையில் வைத்தேன்.

“தெரிஞ்சுதான் தந்தனீங்களோ?”

அப்பா சோற்றைக் குழைப்பதை நிறுத்தவில்லை. “எப்பவோ ஒரு நாள் உடையிற சாமான். அண்ணன் வரேக்க அவன்ர கையில உடைஞ்சால் அவனுக்கு மனவருத்தமெல்லோ?”

“எனக்கு ஏதும் நடந்திருந்தால்?”

“நடக்கேல்லைத்தானே. ரசத்தை எடு.”

எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சட்டியை அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

வேறு கிராங்க் தேடிக் கம்பளையில் பழைய இரும்புக் கடையொன்றுக்குப் போனோம். கராஜ்காரர் ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். நல்லது மணி போல் இழுத்து ஒலிக்கும். அப்படி ஒலித்த ஒன்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, நான் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுபோன வெண்கட்டியைத் தூளாக்கிப் பூசிப் பார்த்தார். வெடிப்புக்குள் ஊறியிருந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் மயிரளவு கறுப்புக் கோடு தெரிந்தது. தூக்கி எறிந்துவிட்டார். அடுத்ததில் கோடு வரவில்லை. பட்டறையில் கொடுத்துக் கடைந்து, அதற்கேற்ற பெயாரிங் போட்டுப் பூட்டினார்கள். எஞ்சின் எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டது. வீட்டு ஏற்றத்தில் கியரைக் குறைத்து நானே ஓட்டி வந்தேன். பூனை நடப்பது போல் ஏறியது.

கேற்றடியில் அப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“திறப்பைத் தா. இனி நல்லா ஓடுந்தானே, இனி உனக்கென்னத்துக்கு?”

அண்ணா வந்தார். காரில் ஊரெல்லாம் சுற்றினார். ஒருநாள் விறாந்தையில் வந்தவர்கள் நிறைய இருந்தபோது, அப்பா என்னைக் காட்டி, “இவள்தான் கிராங்கை உடைச்சவள்” என்று சிரித்தார். நான் உள்ளே போய் அந்தத் துண்டை எடுத்துவந்து அண்ணாவின் மடியில் வைத்தேன். கறுப்பு எது, மினுக்கம் எது, முறியும் என்று தெரிந்தே திறப்பைத் தந்தது யார், ஏன் என்று எல்லாருடைய காதிலும் விழும்படி சொன்னேன்.

அண்ணா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

“நல்ல காலம், என்ர கையில உடையேல்லை.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.