தரை மட்டும் மிச்சமிருந்த வீடு

அந்தமானில், வண்டூர் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வேலையை விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன். தோளில் தொங்கிய கித்தான் பைக்குள்ளிருந்து ஏதோ ஒரு இரும்பு, அடிக்கு அடி இடுப்பெலும்பில் வந்து இடித்தது. புங்க மர நிழலில் நின்று பையைத் திறந்து பார்த்தேன். கைலிக்கும் சட்டைக்கும் நடுவே, எனக்கு வேலை கொடுத்த அக்காவின் இன்ஜின் ஹேண்டில் கிடந்தது. முழங்கை நீளத்தில் வளைந்த இரும்புக் கைப்பிடி. அதை மாட்டிச் சுற்றினால்தான் டீசல் இன்ஜின் கிளம்பும். அது இல்லாவிட்டால் அக்காவின் கல் அடிக்கும் மெஷின் வெறும் இரும்புக் குவியல். யாரும் ஓட்டிக்கொண்டு போய்விடாதபடி அதைக் கழற்றித் தலைக்கடியில் வைத்துப் படுக்க வேண்டும் என்பதுதான், காவலுக்குச் சேர்ந்த அன்று அக்கா எனக்கு இட்ட ஒரே கட்டளை. அந்தப் பழக்கத்தில் படுக்கைத் துணியோடு அதையும் சுருட்டி வைத்திருக்கிறேன்.

ஓர் இடத்தை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. ராமநாதபுரத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். உப்பளத்தில் மண்வெட்டி பிடித்தேன், சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், கப்பலேறி வந்து மாயாபந்தரில் மரம் அறுத்தேன். பிடிக்காதபோது பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பசி, காய்ச்சல், பெஞ்சில் தூக்கம் எல்லாம் பயணத்தில் சேர்த்திதான். ஆனால் இந்த முறை நான் விட்டு வந்தது கஷ்டமான வேலையை இல்லை. வேலையே இல்லாத வேலையை. நீலத் தார்ப்பாய் போர்த்திய ஒரு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அது துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா கச்சால் தீவுக்காரர். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சாலில் ரப்பர் பால் வெட்டக் குடியேற்றப்பட்ட குடும்பம். சுனாமி அந்தத் தீவில் அவருக்கென்று இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டது. யார் யார் போனார்கள் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு தகர ஷெல்டர் ஒன்றில் இருந்தபடி அவர் யோசித்த யோசனை, இனி தீவு முழுக்க வீடு கட்டுவார்கள், கல் வேண்டும் என்பது. கடல் மணலை அள்ளத் தடை. குவாரித் தூளையும் சிமெண்டையும் கலந்து ஹாலோ பிளாக் கல் அடிக்கலாம். நிவாரணப் பணத்தைப் போட்டு மெயின்லேண்டிலிருந்து மெஷின் வரவழைத்தார். நிலம் கைக்கு வராமல் மெஷினை ஏன் வாங்கினாய் என்று கேட்பவர்கள் தீவில் வாழாதவர்கள். இங்கே எல்லாம் அப்படித்தான். கப்பலில் இடம் கிடைக்கும்போது சாமானை ஏற்றிவிட வேண்டும்; அடுத்த கப்பலை யாரும் நம்புவதில்லை. கட்டில் முதலில் வரும், அதைப் போட வீடு பிறகு வரும்.

சிறுதொழிலுக்கென்று ஊருக்கு வெளியே மேடாக்கிய நிலத்தில் அக்காவுக்கு ஒரு மனை ஒதுக்கியிருந்தார்கள். காகிதத்தில்தான். மண்ணில் அந்த மனைமேல் வீடிழந்தவர்களின் தகர ஷெல்டர்கள் வரிசையாக நின்றன. அவர்களுக்கு நிரந்தர வீடு கிடைத்தால் அவர்கள் போவார்கள். அவர்கள் போனால் நிலம் அக்காவுக்கு வரும். நிலம் வந்தால் அக்கா கல் அடிப்பார். கல் வந்தால் அவர்களுக்கு வீடு எழும்பும். இந்தச் சுற்றை டவுன் ஆபீஸில் நின்று நான் முதன்முதலாகப் புரிந்துகொண்டபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். கிளார்க் சார் முறைத்தார். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு டீ வரவழைத்துத்தான் பேசினார்.

"அம்மா, நீங்க ஒரு பெட்டிஷன் குடுங்க. ஷெல்டர்காரங்க நகராததால தொழில் தொடங்க முடியலன்னு ரெண்டே வரி. அவங்கள நகர்த்துறத நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சார், நான் தோட்டத்து லயத்துல, கூலிக்காரங்க வரிசை வீட்டுல பொறந்தவ. ஷெல்டர்லயும் படுத்தவ. தகரத்துக்குக் கீழ தூங்குற மனுசன எழுப்பச் சொல்லி என்னால எழுத ஏலாது."

"அப்ப லேண்ட் லேட்டாகும்."

"ஆகட்டும். நான் இங்கன தானே இருக்கேன்? மெயின்லேண்டுக்கா ஓடப் போறேன்?"

"மெஷின மட்டும் மனைய விட்டு நகத்தாதீங்க. இன்ஸ்பெக்ஷன் வர்ற அன்னிக்கு மெஷின் அங்க இல்லேன்னா ஃபைல மூடிடுவாங்க."

அதனால்தான் மெஷின் ஷெல்டர்களின் ஓரத்தில், சாலையை ஒட்டித் தார்ப்பாய்க்குள் நின்றது. அதனால்தான் எனக்குக் காவல் வேலை. உப்புக் காற்று தார்ப்பாய்க்குள்ளும் நுழைந்தது. எண்ணெய்த் துணியால் தினமும் துடைத்தேன். மறுநாள் பார்த்தால் போல்ட்டுகளில் மறுபடி செம்பொடி. இதற்குள் வீடுகளைக் கட்டும் கான்ட்ராக்டர் வந்து அக்காவிடம் நேராகச் சொன்னார். அடுத்த கப்பலுக்குள் கல் வராவிட்டால் மெயின்லேண்டிலிருந்து ஃபைபர் தட்டிகளுக்கு ஆர்டர் போட்டுவிடுவேன், சுவரெல்லாம் தட்டிதான், பிறகு உன் கல்லை யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அன்று ராத்திரி எனக்குப் புரிந்தது: இந்த மெஷின் இங்கேயே செத்துவிடும். மறுநாள் காலை பையை எடுத்தேன்.

"எங்கடா கெளம்பிட்ட?"

"கால் போற பக்கம்க்கா."

"கால் எங்க வேணா போகும். வயிறும் கூடவே வருமே? கஞ்சியக் குடிச்சிட்டுப் போ."

குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அக்கா தடுக்கவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

சரி, ஹேண்டிலுக்கு வருகிறேன். திரும்பிப் போய்க் கொடுக்க வேண்டும் என்ற எரிச்சலோடு மர நிழலில் நின்றபடி சுற்றிலும் பார்த்தேன். சாலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வீட்டின் தரை கிடந்தது. தரை மட்டும். சுவரும் கூரையும் கதவும் அலையோடு போய்விட்டன. வழவழப்பான சிவப்புச் சிமெண்டுத் தரையும் இரண்டு வாசற்படியும் அப்படியே இருந்தன. அதற்கு அப்பால் இன்னொரு தரை, தென்னைகளுக்கு இடையில் மற்றொன்று. தாழ்ந்த பக்கத்துத் தரைகளில் ஏற்றத்தின்போது கடல்நீர் ஏறி இறங்கும். இந்தப் பக்கத்தவை மேட்டில், காய்ந்து கிடந்தன. இந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் எல்லோருக்கும் வழக்கம். எனக்கும்.

அன்று கையில் ஹேண்டில் இருந்தது. அதனால்தானோ என்னவோ, அந்தத் தரையைத் தரையாகப் பார்த்தேன். அக்காவுடையது 'முட்டை போடுற மெஷின்'. தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள். அதற்குச் சக்கரம் உண்டு. கல்லை அச்சில் அழுத்தித் தரையில் இறக்கிவிட்டு, அடி தள்ளி நகர்ந்து அடுத்த வரிசையை இறக்கும். கோழி நடந்துகொண்டே முட்டையிட்டால் எப்படியோ அப்படி. மண் தரையில் சக்கரம் புதையும், கல் கோணும். கெட்டியான சமதளச் சிமெண்டுத் தரை மட்டும் அதற்குப் போதும். மனை கிடைத்ததும் அப்படியொரு தளம் போட வேண்டும் என்றுதான் அக்காவும் நானும் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம். தளம் இங்கே கிடக்கிறது. ஒன்றில்லை, சாலை நெடுக.

திரும்பி நடந்தேன். ஓடினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

"என்னடா, கால் திரும்பிருச்சா?" என்றார் அக்கா.

"ஹேண்டில் பையோட வந்துருச்சுக்கா."

"அதானே! ஒன்னயத் தேட இங்க எவன் இருக்கான்? ஹேண்டிலத் தேடிக் குப்பக் குழியெல்லாம் கெளறிட்டேன்."

"அக்கா, நம்ம மெஷினுக்கு நெலம் எதுக்கு? தரதானே வேணும்?"

சாலையோரத் தரைகளைப் பற்றிச் சொன்னேன். முடித்ததும் அக்கா தார்ப்பாயைப் பார்த்தார். பிறகு ஷெல்டர் வரிசையைப் பார்த்தார். அந்தத் தரைகளின் சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்த வரிசையில்தான் இருந்தார்கள்.

சிவப்புத் தரை ஒரு வங்காளியுடையது. வரிசையில் எல்லோருக்கும் அவர் தாதா, அதாவது அண்ணன். அக்கா அவர் வாசலில் குந்தி உட்கார்ந்து, தீவு இந்தியில் விஷயத்தைச் சொன்னார். தாதா வாயிலிருந்து பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார். "அரே தீதி, கர் தோ சமுந்தர் லே கயா. ஃபர்ஷ் படா ஹை, லே லோ." வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது, தரைதான் கிடக்கிறது, எடுத்துக்கொள் என்கிறார். வாடகை என்ன வேண்டும் என்று அக்கா கேட்டார். வாடகை வேண்டாம், முதலில் அடிக்கிற கல் எங்கள் வரிசை வீடுகளுக்குப் போக வேண்டும் என்றார் தாதா. அவருடைய மனைவி மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு வந்து நின்று, "சூல்ஹே கி ஜகா பே மத் ரக்னா" என்றார். அடுப்பிருந்த இடத்தில் மட்டும் கல் வைக்காதே. அக்கா எழுந்து அவருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

மெஷினை நகர்த்தினால் ஃபைல் மூடப்படும். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். நினைவுபடுத்தினேன். "மூடுறவன்தானே தொறக்கணும்? தொறப்பான்" என்றார். டெம்போ பிடிக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னபடியே நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பெக்ஷன் வந்தது, மெஷின் இல்லை, ஃபைல் மூடப்பட்டது. நாங்கள் தரை தரையாக நகர்ந்து கல் அடித்தோம். கான்ட்ராக்டர் தட்டிக்கு ஆர்டர் போடவில்லை. வீடுகள் எழும்பின. ஒவ்வொரு குடும்பமாகத் தங்கள் தகரத்தை அவர்களே கழற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு நாள் அந்த மேட்டு நிலம் காலியாக இருந்தது. ஃபைலைத் திறப்பதைத் தவிர ஆபீஸுக்கும் வேறு வேலை இருக்கவில்லை. அந்த நிலத்தைக் காலி செய்தது அக்காதான் என்று நான் எங்கேயும் சொல்வேன். ஒரு ஆளைக்கூட எழுப்பவில்லை. போன வருடம் போயிருந்தேன். மனையில் பெரிய ஷெட் போட்டிருக்கிறார். புது மெஷின் கரண்டில் ஓடுகிறது, பொத்தானை அமுக்கினால் போதும். பழைய ஹேண்டில் ஷெட்டின் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருக்கிறது. "இன்னும் நடந்துகிட்டுத்தான் திரியுறியா?" என்று கேட்டுவிட்டு, நான் கேட்காமலே சோறு போட்டார்.

நான் திரும்பி வந்ததற்கு மறுநாள் காலை, டெம்போவிலிருந்து மெஷினைச் சிவப்புத் தரைமேல் இறக்கினோம். அக்கா என்னைப் பார்த்து, "காவல் வேல இனிமே இல்ல. ஹேண்டில் சுத்துற வேல இருக்கு. செய்யிறியா, கெளம்புறியா?" என்றார். நான் பையைத் தென்னையில் மாட்டினேன். தாதாவின் மனைவி எங்களுக்கு முன்பே வந்திருந்தார். தரையில் காற்று கொண்டுவந்து சேர்த்திருந்த மணலை நான் பெருக்கப் போனபோது விளக்குமாற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கதவு இருந்த இடத்தின் வழியாக உள்ளே போய், அறை அறையாக, இல்லாத சுவர்களின் மூலைகளிலும் விளக்குமாற்றை விட்டுக் கூட்டினார். அடுப்பிருந்த இடத்தில் மட்டும் குந்தி உட்கார்ந்து கையாலேயே வழித்தார். குப்பையை வாசற்படிக்கு வெளியே தள்ளிவிட்டு, எங்களைப் பார்த்து, வாருங்கள் என்பதுபோல் தலையசைத்தார்.

நான் செருப்பைப் படிக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே போய் ஹேண்டிலை மாட்டினேன்.