குரங்குக்கும் மரியாதை

போன் அடித்தால் மந்திரமூர்த்தி அண்ணாச்சி முதலில் கையைத் துடைப்பார். பழம் அள்ளிய கை, ஈரம் இருக்கும், சரிதான். ஆனால் துடைத்த கையை மறுபடி துடைப்பார். துண்டை உதறுவார். தராசுத் தட்டில் ஒட்டியிருக்கும் இலையை எடுத்துப் போடுவார். அதற்குள் போன் ஓய்ந்தால் தப்பித்தார். ஓயாவிட்டால், எதிரே யார் நிற்கிறார்களோ அவர்களிடம் நீட்டிவிடுவார்.

"சார், யாருன்னு கொஞ்சம் கேளுங்களேன்."

அப்படித்தான் ஒருநாள் கொட்டாரக்கரையிலிருந்து குளிக்க வந்த ஒரு சேட்டன் போனை வாங்கி, லோன் வேண்டுமா என்று கேட்ட பெண்ணோடு மலையாளத்தில் வெகுநேரம் சண்டை பிடித்துவிட்டு, களைத்துப்போய் ஒரு கிலோ ரம்புட்டான் வாங்கிக்கொண்டு போனார்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையோரம் அண்ணாச்சியின் பழக்கடை. நான்கு கம்பு, ஒரு நீலத் தார்ப்பாய், கூடை கூடையாக ரம்புட்டானும் மங்குஸ்தானும், வாசனைக்குப் பயந்து தள்ளி வைத்த துரியன் ஒன்று. மடித்துக் கட்டிய வேட்டிக்கு மேலே பட்டாளத்துப் பச்சை பனியன். பட்டாளத்தில் இருக்கும் மகன் விஜய்பாண்டி கொடுத்தது. பாதி வயிற்றோடு நின்றுவிடும். பக்கத்துக் கடையில் நேந்திரங்காய் சீவுகிற எனக்கு நாள் முழுக்க இவர்தான் சினிமா.

போன சீசன் வரை படம் வேறு. 'லே' இல்லாமல் ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வெளியே வராது. எங்கள் பக்கத்தில் லே என்பது தோளில் விழுகிற கை. வேண்டியவன் போட்டால் செல்லம், வேண்டாதவன் போட்டால் அடிதடி. அண்ணாச்சி பாகுபாடு பார்க்காமல் எல்லோர் தோளிலும் போட்டார். "என்னலே, எண்ணெய்ச் சட்டியில மொகம் பாக்குதியா?" என்பது எனக்கு. "ஏலே, பழத்தக் கீழ வைலே" என்பது குரங்குக்கு. மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவரிடமே தவறி வந்துவிட்டது. அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று என்று அவர் மனைவி சங்கரம்மாள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

வடக்கேயிருந்து வருகிறவர்களிடம் பழத்தை நீட்டி "லே, லே" என்பார். அவர்களும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். இந்தியில் அதற்கு 'எடுத்துக்கொள்' என்று அர்த்தமாம். அது தெரிந்த நாளில் அவரைப் பிடிக்க முடியவில்லை. "எவம்லே சொன்னான், எனக்கு இந்தி தெரியாதுன்னு?"

அப்புறம் விஜய்பாண்டியை லடாக்குக்கு மாற்றினார்கள். அங்கே ஊர்ப் பெயரே லே. போதாததற்கு, அந்த ஊர்க்காரர்கள் மரியாதைக்காக உறவுமுறைக்குப் பின்னால் 'லே' சேர்த்துக் கூப்பிடுவார்கள் என்று மகன் சொன்னான். முகாமுக்குச் சாமான் ஏற்றிப் போகிற உள்ளூர் டிரைவர் ஒருவர் வீடியோ காலில் வந்து, கன்னமெல்லாம் சிவந்து வெடித்த முகத்தோடு கைகூப்பி, "அப்பா-லே" என்றார். அண்ணாச்சி பாவூர்சத்திரம் மார்க்கெட் வரைக்கும் போய் அதைச் சொன்னார். "கேட்டியாலே, நம்ம ஊர்ல செருப்பு, அங்கன மாலை. அதே லே தான்."

இந்த சீசன் தொடங்கும்போது விஜய்பாண்டி பேசினான். இன்னும் உயரத்துக்கு அனுப்புகிறார்கள், அங்கே சிக்னல் கிடையாது, "பயப்படாதிய, எறங்குனதும் நானே கூப்பிடுதேன்." அதோடு சரி.

பிறகு ஒரு காலையில் முகம்மது இஸ்மாயில் பாயின் டீக்கடை டிவியில், கீழே ஓடுகிற எழுத்தில், 'லே அருகே ராணுவ வாகனம் பள்ளத்தில்' என்று ஓடியது. அண்ணாச்சி டீயைப் பாதியில் வைத்தார். பெயர் எதுவும் போடவில்லை. "நம்ம பிள்ளையா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பாவ அண்ணாச்சி" என்றார் பாய்.

"சொல்லுதவன் போன்லதான பாய் சொல்லுவான்."

அன்றிலிருந்து போன் ரம்புட்டான் கூடைக்குள், இலைக்கு அடியில் கிடக்கிறது. அன்றிலிருந்து லேயும் நின்றுபோயிற்று. அவர் சொல்வதில்லை என்பது மட்டுமில்லை. நாங்கள் சொன்னாலும், கல் வருவது போலக் கண்ணைச் சுருக்குகிறார். இந்தச் சாலையில் சொல்லாமல் இருக்க முடிகிற சொல்லா அது? பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் சொல்கிறான், எண்ணெய் தேய்க்கிறவன் சொல்கிறான், அருவியில் கால் வழுக்கியவன் சொல்கிறான். ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சியின் கழுத்து திரும்புகிறது. நானும் வாயைக் கட்டிப் பார்க்கிறேன். லே போடாமல் கூட்டாளிகளோடு பேசினால், எனக்குக் காய்ச்சலா என்று கேட்கிறார்கள்.

குரங்குகளின் பாடுதான் குழப்பம். "அய்யா, அத எடுக்காதிய. அங்கன போங்க" என்று அவர் கெஞ்சுகிறார். திட்டு வாங்கியே வளர்ந்த குரங்குகளுக்கு மரியாதை பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தே தின்கின்றன.

வீட்டில் டிவியும் ஓடுவதில்லை. கேபிள் வயரைக் குரங்கு கடித்துவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறார். அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கடைக்கு உட்கார வந்த சங்கரம்மாள் என்னிடம் சொன்னார்: "கடிச்ச குரங்கு திருகாணியக் கழத்தி அலமாரில பத்திரமா வச்சிருக்கு."

"அப்போ உங்களுக்கு…"

"தெரியாமலா? சீரியல் போச்சுன்னு தெனமும் சண்டை போடுதேன். போடாட்டி, எனக்கும் அந்த நியூஸ் தெரிஞ்சிட்டுன்னு கண்டுபிடிச்சிருவாவ." சொல்லிவிட்டு, கூடைக்குள் கையை விட்டுப் போன் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

நேற்று மத்தியானம், நல்ல சாரலில், கூடைக்குள் போன் அடித்தது. கையைத் துடைத்தார். துண்டை உதறினார். ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. எதிரே வாடிக்கையாளர் யாரும் இல்லை. என்னிடம் நீட்டினார். புது நம்பர்.

"நீங்களே எடுங்க அண்ணாச்சி."

"நீ எடு. ஏதும் அப்படின்னா, எங்கிட்ட சொல்லாத. மொகத்தையும் காட்டாத. அப்படியே அங்கன திரும்பி நில்லு."

முதலிலேயே திரும்பி நின்றுகொண்டேன். என் முகம் அவ்வளவு நம்பிக்கையானது இல்லை. எண்ணெய்க் கையில் போன் வழுக்கியது. காதில் வைத்தால் வெறும் காற்று இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு குரல், "அப்பா-லே?"

அந்த டிரைவர். மேலே சாமான் கொண்டுபோய் இறக்கிவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறார். அவர் பேசிய இந்தியில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: விஜய்பாண்டியைப் பார்த்தார், நன்றாக இருக்கிறான், இன்னும் மேலேதான் இருக்கிறான், எப்போது இறங்குவான் என்று தெரியாது.

திரும்பினேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் கம்பைப் பிடித்திருந்தார். தார்ப்பாய் ஆடியது. ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அப்பா-லே, விஜய் டீக் ஹை. டீக் ஹை, அப்பா-லே."

டீக் ஹை என்றால் நன்றாக இருக்கிறான் என்று குற்றாலத்தில் கடை போட்ட எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். போன் பக்கத்தில் வந்தார். கூடைக்குள் கையை விட்டு, இருப்பதிலேயே சிவந்த கொத்தாக ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் போனுக்கு நேரே நீட்டினார்.

"லே" என்றார். "லே… லே."

இரைச்சல் நின்று லைன் அறுந்துபோயிற்று. அவர் கை அப்படியே நீண்டிருந்தது. கம்பு வழியாக இறங்கி வந்த ஒரு கிழட்டுக் குரங்கு அதிலிருந்து ஒரு பழத்தைப் பறித்தது. அண்ணாச்சி கையை இழுக்கவில்லை. அது இன்னொன்றும் பறித்துக்கொள்ளும் வரை அப்படியே நின்றார்.