கூடு தேடி வந்த குயில்

பேருந்து நிலையத்தில் வண்டி நேரம் அறிவிக்கும் அக்காவை ஓட்டுநர்கள் எல்லாரும் குயில் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக ஒருத்தி அதே வேலைக்குச் சேர்ந்தாள். சில நாளிலேயே அந்தப் பெயர் அவளுக்குப் போய்விட்டது. அக்காவுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அந்தப் பெண் தன் கைக்குழந்தையை அக்காவின் மடியில் கிடத்திவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

அவள் அறிவித்து முடித்ததும் அக்கா வெடித்தாள். "நீ குயிலேதான்டி! அடுத்தவ கூட்டுல முட்டைய விட்டுட்டுப் பாடப் போறவ!"

"ஆமாக்கா. எனக்குன்னு கூடு எங்க இருக்கு? உங்களை விட்டா யாருமில்ல."

அக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"காலையில பிள்ளைய நான் பாத்துக்கிறேன். ஆனா சாயங்கால வண்டியெல்லாம் நான்தான் சொல்லுவேன். மைக் பக்கமே நீ வரக்கூடாது."