கழட்ட மாட்டேன் என்ற ஒயரக்கா

ஒயரக்காவின் வலது கை ஸ்குரூடிரைவரைத் திருகிக்கொண்டிருந்தது. கழன்று வந்த திருகுகளை இடது கை ஒவ்வொன்றாக வாங்கி, மருந்து அளக்கும் சின்ன பிளாஸ்டிக் கப்பில் போட்டது. மணிக்கட்டில் ஒரு பட்டை. அதிலிருந்து இறங்கிய சுருள் ஒயர், மெஷின்கள் அடுக்கியிருந்த இரும்பு ரேக்கைக் கவ்வியிருந்தது. உடம்பில் தேங்கும் மின்சாரம் மெஷினுக்குள் பாயக் கூடாது, அதற்காக. கதவுப் பக்கம் போன வார்டு நர்ஸ் அதைப் பார்த்து நின்றாள்.

"என்னக்கா, உங்களையும் கட்டிப் போட்டுட்டாங்களா?"

"ஓடிப் போயிடுவேன்னு பயம்" என்றாள் ஒயரக்கா, தலையை நிமிர்த்தாமல்.

நடுத்தரமான ஆஸ்பத்திரி அது. கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே அறைக்கும் துணி வெளுக்கும் அறைக்கும் நடுவே எப்போதும் குளிர்ந்து கிடக்கும் ஓர் அறை, அவளுடையது. அந்தப் பக்கம் சோப்பு வாசனை, இந்தப் பக்கம் நோயாளிகளின் முனகல், நடுவில் மெஷின்களின் இரைச்சல். டிப்ளமோ முடித்து வந்தவளை முதலில் ஏணி மேல்தான் ஏற்றினார்கள். பொய்க்கூரைக்குள் தலையை விட்டு ஒயர் இழுத்த முதல் பெண் அங்கே அவள்தான். எலக்ட்ரீஷியன்கள் "ஒயர்க்காரி" என்று கிண்டலாகக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் வந்து நின்றாள், என்ன வேணும் என்று கேட்டாள். கோபப்படாதவளைக் கிண்டல் செய்வதில் ருசி இல்லை. காலப்போக்கில் "காரி" உதிர்ந்து "அக்கா" ஒட்டிக்கொண்டது. ஏணியிலிருந்து இறங்கி இந்த அறைக்கு வந்தபோது பேரும் கூடவே வந்துவிட்டது.

அன்றைக்கு அவள் திறந்துகொண்டிருந்தது ஸ்கேன் படங்களைச் சேர்த்து வைக்கும் சர்வர். தலைக்கு எடுக்கும் ஒரு ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். அத்தனையும் இந்த மெஷினிலிருந்து மாடியில் இருக்கும் ஸ்கேன் டாக்டரின் திரைக்குப் போக வேண்டும். கொஞ்ச காலமாக அது நகர்ந்து நகர்ந்துதான் போயிற்று. படம் வருவதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விடுவார் என்று டாக்டர் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டடம் முழுக்கப் புது ஃபைபர் ஒயர் போட்டாயிற்று. ஆனால் அகலமான ரோடு வந்து பழைய சந்தில் முட்டுகிற மாதிரி, சர்வரில் இருந்த நெட்வொர்க் வழி பழையது, குறுகல். மெஷினுக்குள் வேகமான நெட்வொர்க் கார்டு ஒன்றைப் போட்டால் போதும் என்று அவள் சொன்னாள். மெஷினையே மாற்ற வேண்டும், அறையையும் எங்களிடம் விட்டுவிடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று வெளிக் கம்பெனி ஒன்று மேனேஜரிடம் சொல்லியிருந்தது.

அவள் விடவில்லை. மேனேஜரின் மேஜை முன்னால் போய் நின்று நின்று, கார்டை வாங்க வைத்தாள். இந்த சர்வருக்கு ஒன்று, படங்களின் நகலை மட்டும் வைத்திருக்கும் பக்கத்து மெஷினுக்கு ஒன்று. மேனேஜர் கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள். வாங்கிக் கொடுத்தார், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். கூட்டம் குறைந்த மத்தியான வேளையில் வேலையை முடிக்க வேண்டும். சொதப்பினால் அறை கம்பெனிக்கு, அவள் வாசலில் இருக்கும் விசாரணை கவுன்ட்டருக்கு. கம்பெனிக்காரர்களை மறுநாள் காலையே வரச் சொல்லியாயிற்று. கவுன்ட்டரில் உட்கார்ந்து "மூணாவது மாடி, லிஃப்டுக்கு இடது பக்கம்" என்று சொல்வது கேவலமான வேலை இல்லை. ஆனால் அது அவள் வேலை இல்லை.

மூடியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தாள். பையிலிருந்து கார்டை எடுத்து, பொன்னிறப் பற்களில் விரல் படாமல் விளிம்பை மட்டும் பிடித்தாள். பொருத்தும் பள்ளத்தில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் ஒரே சீராக அழுத்தினாள். ஒரு பக்கம் மட்டும் அமுக்கினால் மறுபக்கம் எழும்பிக்கொள்ளும். டக் என்று உட்கார்ந்தது. ஒரு திருகு போட்டு இறுக்கி, மூடியை மாட்டி, மெஷினை எழுப்பினாள். விசிறிகள் ஊளையிட்டு அடங்கின. கீபோர்டில் ஒரு வரி தட்டிப் பார்த்தாள். கார்டு வந்திருப்பது மெஷினை நடத்தும் லினக்ஸ் மென்பொருளுக்குத் தெரிந்திருந்தது. கார்டை ஓட்டத் தேவையான டிரைவர் புரோகிராமும் அதனிடமே இருந்தது. புது ஃபைபர் ஒயரை அவள் இன்னும் செருகவில்லை. முதலில் பழைய வழி வழக்கம்போல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம் புதுசைத் திறக்க வேண்டும். யோசனை சரியானதுதான்.

பழைய வழி ஓடவில்லை.

மேஜைப் போன் அடித்தது. அதை வைப்பதற்குள் இன்னொன்று. எந்தத் திரையிலும் படம் வரவில்லை. ஸ்கேன் டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஸ்கேன் எடுக்கும் மெஷினின் திரையிலேயே படங்களைப் பார்க்க உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. எனக்கும் உடற்பயிற்சி வேணும்னு யார் சொன்னது என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். அவர் பின்னாலேயே இறங்கிய மேனேஜர் ஒயரக்காவின் அறைக்கு வந்தார்.

"கழட்டிடுங்க. பழையபடி வெச்சிடுங்க."

"கழட்ட மாட்டேன் சார்."

மேனேஜர் கதவை மூடிவிட்டுத் திரும்பினார். "நோயாளிங்க விஷயம். பிடிவாதம் பிடிக்கிற நேரமா இது?"

"டாக்டர் கீழ உக்காந்து பார்த்துக்கிட்டுதான் இருக்கார். யாருக்கும் வைத்தியம் நிக்கல. நின்னா நானே கழட்டுறேன், நீங்க சொல்ல வேண்டாம். இப்ப கழட்டினா மெஷின் ஓடும். ஏன் நின்னுச்சுன்னு மட்டும் கடைசி வரைக்கும் தெரியாது. பழி கார்டு மேல விழும், கூடவே என் மேல. கொஞ்ச நேரம் குடுங்க, யாரும் கை வைக்காதீங்க."

மேனேஜர் கதவுக்கு வெளியே போய், அவள் காதில் விழும்படியே கம்பெனிக்குப் போன் போட்டார். பழைய மெஷினுக்கு அந்தக் கார்டு ஒத்துவராது என்று அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று அவர் சொன்னது கேட்டது.

ஒயரக்கா பழைய ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். அதன் பக்கத்தில் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. நெட்வொர்க்கில் மெஷினைத் தேடி வருவதற்கான முகவரியும் எழுதி வைத்த இடத்தில் இருந்தது. ஒயர் சரி, முகவரி சரி, இருந்தும் படம் போக வழியில்லை. புது டிரைவர் பழையதோடு சண்டை போடுகிறதோ என்று சந்தேகப்பட்டு அந்தப் பக்கம் தோண்டினாள். அது தப்பான பக்கம். தோண்டத் தோண்ட மண்தான் வந்தது.

அப்போது அவளுடைய சொந்தப் போன் அடித்தது. ஓரகத்தி.

வீட்டில் மாமியார் படுக்கையில் இருந்தார். பக்கவாதம் வலது பக்கத்தையும் பாதிப் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. இரண்டு மருமகள்களும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். உணர்வு இருக்கும் இடது பக்கம் ஒரு நாற்காலி. சோறு ஊட்ட, வாய் துடைக்க, பெரிய மருமகளான ஒயரக்கா உட்காரும் இடம் அது. கால்மாட்டில் இருக்கும் முக்காலி சின்னவளுக்கு. அவள்தான் கால் பிடித்துவிடுவாள், மாத்திரை கொடுப்பாள். வருஷக்கணக்காக அப்படித்தான். இன்றைக்குப் பெரியவள் மத்தியானம் வர முடியாது என்பதால் சின்னவளே வேலைக்கு லீவு போட்டிருந்தாள்.

"அக்கா, அத்தை மாத்திரை வாங்க மாட்டேங்கறாங்க. என்னைப் போய் பெரியவளேங்கறாங்க. சின்னவதான் குடுக்கணுமாம், அவளைக் கூப்பிடுங்கறாங்க. நான்தான் அத்தை சின்னவன்னு சொன்னா, பொய் சொல்லாதேன்னு முறைக்கறாங்க. நான் இப்ப யாருன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"என் நாற்காலியில உக்காந்திருக்கியா?"

"ஆமா. சோறு ஊட்டிட்டு அப்படியே உக்காந்துட்டேன்."

"எந்திரிச்சு முக்காலிக்குப் போ. அவங்களுக்கு ஆளு கணக்கில்ல, இடந்தான் கணக்கு. அங்க யாரு உக்காந்தாலும் பெரியவதான்."

சொல்லி முடித்தவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஓரகத்தி, வாங்கிட்டாங்கக்கா, வாங்கிட்டாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் கண் திரையில் இருந்தது.

லினக்ஸும் மாமியார் ஜாதிதான். நெட்வொர்க் கார்டுக்கு அது பேர் வைப்பது, மெஷினுக்குள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான். புதுசு வந்து முன்னால் உட்கார்ந்ததில் வரிசை ஓர் இடம் தள்ளிப் போயிருந்தது. பழைய வழியின் பேர் புதுக் கார்டுக்குப் போய்விட்டது, பழையதற்கு வேறு பேர் வந்துவிட்டது. முகவரியை எழுதி வைத்திருந்ததோ பேரைச் சொல்லி. ஆகவே முகவரி புதுசிடம், ஒயர் பழசிடம். தபால்காரர் சரியான வீட்டு எண்ணில் நின்று கதவைத் தட்டுகிறார், உள்ளே யாரும் குடியில்லை.

ஒவ்வொரு கார்டிலும் செய்யும்போதே பொறித்த ஓர் எண் உண்டு, இடம் மாறினாலும் அது மாறாது. இரண்டின் எண்ணையும் வரவழைத்து ஒப்பிட்டாள். அதேதான். மூடியைத் திறக்கும் முன்னால் முகவரியை அந்த எண்ணோடு கட்டியிருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை, தெரிந்தும் செய்யவில்லை. தப்பு அவளுடையதுதான். தன்னைத்தானே ஒரு வார்த்தை திட்டிக்கொண்டாள். அழுவதற்கும் நொந்துகொள்வதற்கும் சாயங்காலம் இருக்கிறது.

ஃபைலில் இருக்கும் பேரை மட்டும் மாற்றி எழுதினால் உடனே ஓடியிருக்கும், அடுத்த கார்டு வரும் வரைக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. அந்தந்த எண்ணைச் சொல்லி, இனி உங்கள் பேர் இதுதான் என்று இரண்டுக்கும் தானே பேர் எழுதினாள். ஆங்கில எழுத்தில் பழசுக்குப் பெரியவள், புதுசுக்குச் சின்னவள். முகவரியைப் பெரியவளிடம் கொடுத்து மெஷினை மறுபடி எழுப்பினாள். போன் அடிப்பது நின்றது. பிறகு ஃபைபர் ஒயரின் முனை மூடிகளைக் கழற்றி, அதைச் சின்னவளில் செருகி, அதற்கும் ஒரு முகவரி கொடுத்து, படங்களை அந்த வழியில் திருப்பிவிட்டாள். டாக்டர் மறுபடி மாடி ஏறிப் போய்த் திரை முன் உட்கார்ந்தார். சுட்டியைத் தட்டிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க எடுத்தவர், துடைக்காமலே மாட்டிக்கொண்டார். தலை ஸ்கேன் முழுசும் வந்து நின்றிருந்தது.

மேனேஜர் அறைக்குள் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். தப்பு தன்னுடையது, கார்டு மேலும் மெஷின் மேலும் ஒரு குற்றமும் இல்லை என்று நடந்ததைச் சொன்னாள். திரையைக் குனிந்து பார்த்தவர், இது என்ன பேரு என்றார். எங்க வீட்டுப் பேரு சார் என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஆனாலும் கம்பெனிக்காரர்கள் காலையில் வருவார்கள், வரச் சொன்னவர்களை வேண்டாம் என்று சொல்ல முடியாது. இன்றைக்கு இத்தனை நேரம் நின்று போனது மேலே வரைக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் வரும் வரை, நகல் மெஷினுக்கு வாங்கிய இரண்டாவது கார்டைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டில், மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகு துடைத்துக்கொண்டிருந்தபோது, பஸ் டெப்போ வேலையிலிருந்து வந்த புருஷன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பேசாம அந்த கவுன்ட்டர்லயே உக்காந்துக்கயேன், கால் வலியாவது குறையும் என்றான். நல்லதுக்குத்தான் சொன்னான்.

"கால் வலி என்னுது. வேலையும் என்னுது" என்றாள். "அந்தத் துண்டை எடு."

மறுநாள் காலை மற்றவர்கள் வருவதற்கு முன்பே அறைக்குள் இருந்தாள். நகல் மெஷினின் முகவரியை முதலில் எண்ணோடு கட்டினாள். கட்டியது நிற்கிறதா என்று மெஷினை ஒரு முறை அணைத்து எழுப்பிப் பார்த்தாள். அப்புறம்தான் மூடியில் கை வைத்தாள். மேனேஜர் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேரோடு வந்தபோது மெஷின் திறந்து கிடந்தது, கார்டு பாதி பள்ளத்தில் இருந்தது.

"தொட வேண்டாம்னு சொன்னேனே" என்றார் மேனேஜர்.

"சொன்னீங்க சார். நின்னு பாருங்க. எதையும் தொடாம பாருங்க."

இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். திருகு, மூடி, மின்சாரம். மூன்று பேரும் மேஜைப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அடிக்கவில்லை. நகல்கள் வழக்கம்போல் வந்து சேர்வது திரையில் ஓடியது. வந்தவர்களில் மூத்தவர் திரைக்கு அருகில் வந்து, பேரை எங்கே கட்டினீங்க என்று கேட்டார். காட்டினாள். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார், நாங்களும் இப்படித்தான் செய்திருப்போம் என்றார். மேனேஜர் போய்க் கதவைத் திறந்தார். பிறகு அந்த இரண்டு பேரிடமும், "மாடியில பில்லிங் கம்ப்யூட்டருங்க இருக்கு, அதை வேணா பார்க்கலாம் வாங்க. இந்த அறையில ஆள் இருக்கு" என்றார்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க சார், குளிர் வெளிய போகுது" என்று சொல்லிவிட்டு, ஒயரக்கா அடுத்த ஃபைபர் ஒயரின் முனை மூடியைக் கழற்றினாள்.